மேற்குச் சாலை – 17: ஐ10-க்குள் புகுந்த மின்சாரம்

2010 ஜனவரி. டெல்லி பிரகதி மைதானத்தில் ஆட்டோ எக்ஸ்போ நடந்துகொண்டிருந்தது. ஹூண்டாய் அரங்கில் நின்ற கார்களில் ஒன்று, அன்றைக்கு நம் தெருக்களில் எங்கு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருந்த ஐ10. உருவத்தில் பெரிய மாற்றம் இல்லை. பானெட்டுக்குள் இருக்க வேண்டிய இன்ஜினைத்தான் காணோம். அந்த இடத்தில் 49 கிலோவாட் மின் மோட்டார் உட்கார்ந்திருந்தது. அதற்கு மின்சாரம் தர 16 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி. யூனிட் என்பது வீட்டு மின்கட்டண அட்டையில் வருகிற அதே யூனிட்தான். ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்தால் 160 கிலோமீட்டர் போகும், மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம் எடுக்கும் என்று கம்பெனி அறிவித்திருந்தது. நான்கு மாதம் முன்பு, 2009 செப்டம்பரில், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் உலகத்துக்கு முதன்முதலாகக் காட்டப்பட்ட மாதிரிக் கார் இது.

டெல்லியில் அதைச் சுற்றிநின்று படம் எடுத்தவர்களுக்கு அது கொரியாவிலிருந்து வந்த புதுமை. பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், திருமழிசை என்று கம்பெனி பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போனவர்களுக்கோ அந்த உடம்பு ரொம்பத் தெரிந்த உடம்பு. ஐ10 என்ற காரை உலகச் சந்தைக்குச் செய்து அனுப்பிய ஊர் இருங்காட்டுக்கோட்டை. 2007 அக்டோபர் 31 அன்று அந்தக் கார் உலகிலேயே முதலில் அறிமுகமானது இந்தியாவில்தான். அதற்காக இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் எழுப்பிய இரண்டாவது ஆலை 2008 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் நகரங்களில் ஓடிய ஐ10 கார்கள் இங்கிருந்து லாரி ஏறி, சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிப் போனவை.

சென்ற பகுதிகளில் பாடியின் டி.வி.எஸ். ஆலைகளையும் அம்பத்தூர் எஸ்டேட்டையும் பார்த்தோம். இந்தப் பகுதியில் இன்னும் மேற்கே போகிறோம். ஒரு பெரிய கார் கம்பெனி மின்சாரத்தையும் ஹைட்ரஜனையும் வைத்துச் செய்து பார்த்த மாதிரி வண்டிகளுக்கும், நம் மேற்குப் புறநகரின் லேத் பட்டறைகளுக்கும் உள்ள உறவுதான் இந்த வாரத்துக் கதை.

கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். ஹூண்டாய் தன் முதல் மின்சாரக் காரை 1991-இல் செய்தது. சொனாட்டா காரில் ஈய-அமில பேட்டரிகளை அடுக்கி ஓட்டிப் பார்த்தார்கள். உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், ஒரு சார்ஜுக்கு 70 கிலோமீட்டர். அந்தக் காலத்து ஈய பேட்டரியின் எடைக்கு அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. 1998-இல் ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் ஆராய்ச்சி தொடங்கினார்கள். அதே 1998 செப்டம்பரில்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு. கொரியாவில் பொறியாளர்கள் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்க முயன்றுகொண்டிருந்தார்கள். இங்கே திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டப் பையன்கள் ஐ.டி.ஐ. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அசெம்பிளி லைனில் இடம் கிடைக்குமா என்று காத்திருந்தார்கள்.

2000-இல் சான்டா ஃபே காரில் எரிபொருள் கலம் பொருத்திய மாதிரி வண்டி ஓடியது. 2004-இல் டூசான். 2013 பிப்ரவரியில் உல்சான் ஆலையில் ஐஎக்ஸ்35 ஃபியூயல் செல் கார் உற்பத்தி லைனில் ஏறியது. எரிபொருள் கலக் கார் ஒன்று தொடர் உற்பத்திக்குப் போனது உலகில் அதுவே முதல்முறை. முதல் வண்டிகளில் 15 டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகராட்சிக்குப் போயின. சான்டா ஃபேயிலிருந்து ஐஎக்ஸ்35 வரை 13 ஆண்டு ஆகியிருக்கிறது. கண்காட்சி மேடையில் விளக்கு வெளிச்சத்தில் சுழலும் மாதிரி வண்டியைப் பார்த்துவிட்டு அடுத்த வருடமே கடைக்கு வரும் என்று நம்புகிறவர்கள் இந்த 13 ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்சார ஐ10 அவ்வளவு காத்திருக்கவில்லை. 2010 செப்டம்பர் 9 அன்று, தென்கொரிய அதிபர் லீ மியுங்-பாக்கின் மாளிகையிலேயே, புளூஆன் என்ற பெயரில் அது வெளியிடப்பட்டது. 16.4 யூனிட் பேட்டரி, 140 கிலோமீட்டர் தூரம். சத்தமே இல்லாமல் வந்து பாதசாரிகளைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்று செயற்கையாக இன்ஜின் ஒலி எழுப்பும் கருவியும் வைத்திருந்தார்கள். முதலில் 30 வண்டிகளைச் செய்து அரசு அலுவலகங்களுக்குச் சோதனைக்குக் கொடுத்தார்கள். கொரியாவில் ஐ10 விற்பனைக்கே வந்ததில்லை. அங்கே விற்காத, நம் ஊரில் செய்த ஒரு காரைத்தான் தங்கள் மின்சாரக் கனவுக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். சிறியது, எடை குறைந்தது, விலை குறைந்தது: பேட்டரி சுமக்க ஏற்ற உடம்பு. இந்த ஒரு விஷயத்துக்காகவே இருங்காட்டுக்கோட்டைக்கு மின்சாரக் காரின் வரலாற்றில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பேன். ஒதுக்கியவர்கள் அதிகம் இல்லை.

அதற்குப் பிறகு மின்சாரக் கார் இருங்காட்டுக்கோட்டைக்குத் திரும்பி வர ஒன்பது ஆண்டு ஆனது.

அந்த இடைவெளியில் நம் நாட்டில் முயற்சியே இல்லை என்று எண்ண வேண்டாம். 1993-இலேயே எடி கரன்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம் ஜப்பானின் யாஸ்காவா துணையோடு லவ்பேர்ட் என்ற இரண்டு இருக்கை மின்சாரக் காரைக் காட்டியது. அதன் தொழிற்கூடங்கள் கேரளத்தின் சாலக்குடியிலும் நம் கோவையிலும் இருந்தன. 2001-இல் பெங்களூரில் ரேவா வந்தது. அம்பத்தூரே சும்மா இருக்கவில்லை. 1949-இல் தொடங்கி ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்துவந்த டி.ஐ. சைக்கிள்ஸ், 2008 வாக்கில் பி.எஸ்.ஏ. ஸ்ட்ரீட் ரைடர் என்ற மின்சார ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. மத்திய அரசு 2010 நவம்பரில் மின்வண்டிகளுக்கு மானியம் அறிவித்தது. ஸ்கூட்டருக்கு 4,000, 5,000 ரூபாய் வரை, காருக்கு 1 லட்சம் வரை. 2012 மார்ச் 31-உடன் அது நின்றது. நாடு முழுக்க மின்ஸ்கூட்டர் விற்பனை சரிந்தது. ஸ்ட்ரீட் ரைடரும் கடைகளிலிருந்து மறைந்தது.

ஒரு தொழிலை ஊக்குவிக்கிறோம் என்று சொல்லி ஒன்றரை வருடத்தில் கையை எடுத்துக்கொள்வது, ஊக்குவிக்காமலே இருப்பதைவிடக் கொடுமை. நம்பி டை வெட்டியவன், டீலர்ஷிப் எடுத்தவன், வங்கியில் கடன் வாங்கியவன் எல்லாரும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதாகிறது. அம்பத்தூரில் டூல் ரூம் வைத்திருப்பவர்களிடம் மின்வண்டி என்று பேச்செடுத்தால் இன்றைக்கும் கொஞ்சம் தயங்கித்தான் பேசுவார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

2019 ஜூலை 9 அன்று ஹூண்டாயின் கோனா எலக்ட்ரிக் அறிமுகமானது. விலை 25.30 லட்சம். 39.2 யூனிட் பேட்டரி, அரசுச் சோதனைக் கணக்கில் 452 கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டையில் கோர்க்கப்பட்ட கார் அது. இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில், தமிழ்நாடு அரசு தன் முதல் மின்வாகனக் கொள்கையை வெளியிட்டது. கோனா அதிகம் விற்கவில்லை. 2020 டிசம்பரில் பேட்டரிக் கோளாறு சந்தேகத்தில் 456 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்தார்கள். என்றாலும் உயர் மின்னழுத்தத்தோடு வேலை செய்வது எப்படி, ஆரஞ்சு நிற கேபிளைத் தொடுமுன் என்னென்ன துண்டிக்க வேண்டும், எந்தக் கையுறை போட வேண்டும் என்பதை நம் டெக்னீஷியன்கள் கற்றுக்கொள்ள வழி திறந்தது இந்தக் கார்தான்.

அதே 2019 செப்டம்பரில், அதே ஃபிராங்க்ஃபர்ட்டில், 45 என்ற மாதிரிக் காரை ஹூண்டாய் காட்டியது. 1974-இல் இத்தாலியின் டூரினில் ஜூஜாரோ வடிவமைத்துக் காட்டிய போனி கூபே மாதிரியின் 45-ஆம் ஆண்டை நினைவில் வைத்து வந்த பெயர். அந்த மாதிரி 2021-இல் ஐயோனிக் 5 ஆகி, 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையிலும் கோர்க்கப்பட்டது. 72.6 யூனிட் பேட்டரி. தகுந்த சார்ஜர் கிடைத்தால் 18 நிமிடத்தில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏறிவிடும். மேடையில் பார்த்த மாதிரி நம் ஊர் ஆலைக்குள் நுழைய மூன்றரை ஆண்டுக்குள்தான் ஆனது. 2025 ஜனவரியில் கிரெட்டா எலக்ட்ரிக். இதில் பேட்டரி பேக்கைக் கோர்ப்பதும் இங்கேயே. உள்ளே இருக்கும் செல்கள் மட்டும் இறக்குமதி. செல்லையும் இந்தியாவில் செய்ய 2024 ஏப்ரலில் எக்ஸைட் எனர்ஜியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். 2023 மே மாதம் தமிழ்நாடு அரசோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் பத்தாண்டுக்கு 20,000 கோடி ரூபாய் முதலீடும், ஆண்டுக்கு 1,78,000 பேட்டரி பேக் கோர்க்கும் கூடமும் எழுதப்பட்டிருந்தன.

இப்போது பாடிக்கும் அம்பத்தூருக்கும் திரும்புவோம்.

பெட்ரோல் கார் ஒன்றின் வயிற்றைத் திறந்தால் இந்தப் பகுதியே தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் பாடி லூகாஸ் டி.வி.எஸ். ஆலையின் பழைய தொழில். 1964-இல் அமைந்த அம்பத்தூர் எஸ்டேட்டின் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வால்வு கைடு, புஷ், ஷாஃப்ட், பிராக்கெட், ஹவுசிங் என்று ஜாப் ஒர்க் எடுத்தே வளர்ந்தவை. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன ஷாஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். பார் ஸ்டாக்கை வெட்டுவது ஒரு பட்டறை. சி.என்.சி.யில் டர்னிங் போடுவது இன்னொன்று. ஸ்ப்ளைன் வெட்ட வேறிடம். ஹீட் ட்ரீட்மென்டுக்கு ஒரு டெம்போ. கிரைண்டிங்குக்கு இன்னொரு டெம்போ. பிசிறு தட்டி, எண்ணெய் துடைத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, ட்ரேயில் அடுக்கிப் பெரிய கம்பெனிக்கு அனுப்புவது வரை எஸ்டேட்டுக்குள் நான்கைந்து வாசல் ஏறி இறங்குகிறது அந்தத் துண்டு. நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் லாட்டே திரும்பி வரும்.

மின்சாரக் காரில் ஸ்டார்ட்டர் கிடையாது. ஆல்டர்னேட்டர் கிடையாது. பிஸ்டன், வால்வு, ஸ்பார்க் பிளக், சைலன்சர், கிளட்ச் எதுவும் கிடையாது. பிரேக், சக்கரம், சஸ்பென்ஷன், இருக்கை, கண்ணாடி, போல்ட் நட்டுக்கு ஆபத்தில்லை. இன்ஜினை நம்பிய பட்டறைக்குத்தான் ஆபத்து. ஆக, 2010-இல் டெல்லியில் நின்ற அந்த மாதிரி ஐ10, பூந்தமல்லி சாலையில் ஆலைக்குள் வேலை பார்த்தவர்களுக்குப் புது வாய்ப்பாகவும், சில கிலோமீட்டர் தள்ளி எஸ்டேட்டில் ஷாஃப்ட் திருகியவருக்குப் பிழைப்பு பற்றிய கேள்வியாகவும் இருந்தது. மாதிரி வண்டிகளைப் பற்றி எழுதுகிற ஆங்கிலப் பத்திரிகைகள் ஹெட்லைட்டின் வடிவத்தை விவரிக்க ஒரு பக்கம் செலவிடும். இந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட வந்து நான் பார்த்ததில்லை.

மாற்றம் உள்ளிருந்தும் வந்திருக்கிறது. டி.ஐ. சைக்கிள்ஸை நடத்திய அதே முருகப்பா குழுமம் 2022-இல் டி.ஐ. கிளீன் மொபிலிட்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மோன்ட்ரா என்ற பெயரில் மின்சார ஆட்டோவை அம்பத்தூரிலேயே செய்கிறது. ஸ்ட்ரீட் ரைடருக்குப் பின் பத்தாண்டு கழித்து இரண்டாவது முறை. லூகாஸ் டி.வி.எஸ். மின்வண்டிக்கான மோட்டார்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் காயில் சுற்றிப் பழகிய அனுபவம் அங்கே வீண்போகாது.

ஹைட்ரஜன் பக்கம் போவோம். இது பலருக்கும் மாயம் போலத் தெரிகிறது. இயக்கம் சிக்கலானதல்ல. தாளைப்போல மெல்லிய ஒரு பாலிமர் படலம். அதன் இரண்டு பக்கமும் பிளாட்டினம் கலந்த பூச்சு. ஒரு பக்கம் ஹைட்ரஜன் வாயு வருகிறது. பிளாட்டினத்தில் பட்டதும் அதன் எலெக்ட்ரான் பிரிகிறது. மிஞ்சிய புரோட்டான் படலத்தின் வழியே ஊடுருவிப் போகும். எலெக்ட்ரானைப் படலம் விடாது. அது வெளியே கம்பி வழியாகச் சுற்றித்தான் மறுபக்கம் போக வேண்டும். அப்படிச் சுற்றிப் போவதுதான் மின்சாரம்; அதில்தான் மோட்டார் ஓடுகிறது. மறுபக்கம் புரோட்டானும் எலெக்ட்ரானும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகி வெளியேறும். ஒரு செல் ஒரு வோல்ட்கூடத் தராது என்பதால் நானூறுக்கு மேற்பட்ட செல்களைத் தகடு தகடாக அடுக்கி இறுக்கியிருப்பார்கள்.

2017-இல் ஜெனீவாவில் மாதிரியாகக் காட்டி, 2018-இல் கடைக்கு வந்த ஹூண்டாய் நெக்ஸோ இந்த வகை. மூன்று டேங்குகளில் 6.33 கிலோ ஹைட்ரஜன். அழுத்தம் 700 பார். நம் கார் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் 2 பாருக்குக் கொஞ்சம் மேல். 700 பாரைத் தாங்கத்தான் டேங்கைச் சுற்றிக் கார்பன் இழையைச் சுற்றுகிறார்கள். நிரப்ப ஐந்து நிமிடம், ஓடுவது 600 கிலோமீட்டருக்கு மேல்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். 1 கிலோவில் நெக்ஸோ 100 கிலோமீட்டர் போகும். அதே 50 யூனிட்டை நேராகப் பேட்டரியில் ஏற்றினால் கிரெட்டா போன்ற கார், சோதனைக்கூடக் கணக்கை விட்டுச் சாலைக் கணக்கில் பார்த்தாலும், 300 கிலோமீட்டரைத் தாண்டும். வீட்டு உபயோகச் சிறு காருக்கு ஹைட்ரஜன் கட்டாது என்பது என் தீர்மானமான எண்ணம். நீண்ட தூர லாரி, பஸ், மின்கம்பி போடாத ரயில் பாதை என்றால் கணக்கு மாறும். அங்கே பேட்டரியின் எடையும் சார்ஜ் ஏற நிற்கும் நேரமும் சரக்கைத் தின்றுவிடும். ஹூண்டாயே 2019-இல் நெப்டியூன் என்ற ஹைட்ரஜன் லாரி மாதிரியைக் காட்டியது இந்தக் கணக்கில்தான்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. 1 கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிற வழியில் இடப்பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி கிடக்கிறது. சென்னை குடிக்கிற தண்ணீர் அது. ஹைட்ரஜனைப் பெரிய அளவில் செய்ய நினைப்பவர்கள் கடலோரத்தையும் கடல்நீர்ச் சுத்திகரிப்பையும் பார்ப்பதுதான் நியாயம்.

நம் பகுதிக்கு ஹைட்ரஜன் இரண்டு முகத்தோடு வருகிறது. எரிபொருள் கலம் வந்தால் பிஸ்டனும் வால்வும் போகும், பேட்டரிக் காரில் போனதுபோலவே. இன்னொரு வழி, ஹைட்ரஜனை இன்ஜினுக்குள்ளேயே எரிப்பது. எண்ணூர்க்காரர்களான அசோக் லேலண்ட், ரிலையன்ஸோடு சேர்ந்து அப்படியொரு லாரியை 2023 பிப்ரவரியில் பெங்களூரில் காட்டினார்கள். அதில் பிஸ்டன் இருக்கிறது, வால்வு இருக்கிறது, கிராங்க் ஷாஃப்ட் இருக்கிறது. கரிப்புகை இல்லை. அதிக வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் எரிந்து உண்டாகும் மாசு மட்டும் வரும். அதை அடக்கக் கருவி வேண்டும். அம்பத்தூர் பட்டறைகள் கூர்ந்து கவனிக்க வேண்டிய மாதிரி வண்டி, மேடையில் பளபளத்த எந்தக் காரையும்விட, அந்த லாரிதான்.

ரயிலும் சேர்ந்துகொண்டது. அம்பத்தூர், ஆவடி மின்ரயில்கள் போகும் அதே தடத்தின் ஓரத்தில், வில்லிவாக்கத்தை ஒட்டியிருக்கும் ரயில் பெட்டி ஆலையான ஐ.சி.எஃப்.பில், 2025 ஜூலையில் நாட்டின் முதல் ஹைட்ரஜன் ரயில் பெட்டி சோதித்துப் பார்க்கப்பட்டது. ஹரியானாவின் ஜீந்த்–சோனிபட் பாதைக்காகச் செய்தது அது.

ஹூண்டாய் தன் ஹைட்ரஜன் ஆராய்ச்சிக்கு இடம் தேர்ந்தது தையூரில். 2024 ஜனவரியில் உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6,180 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டபோது, அதில் 180 கோடி ஐ.ஐ.டி. மெட்ராஸோடு சேர்ந்து அமைக்கும் ஹைட்ரஜன் மையத்துக்கு என்று சொன்னார்கள். 2025 மார்ச்சில் அந்த ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்தில் அடிக்கல் நாட்டியாயிற்று. இதுவரை காரின் வரைபடம் கொரியாவின் நம்யாங்கில் உருவானது. இந்தியாவுக்கான ஆராய்ச்சிக்கூடத்தை ஹைதராபாத்தில் வைத்தார்கள். வெல்டிங்கும் பெயின்ட்டும் அசெம்பிளியும் மட்டும் நமக்கு. சென்னைப் பக்கம் ஆராய்ச்சியும் வருகிறதென்றால் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் அம்பத்தூரிலிருந்து தையூர் 40 கிலோமீட்டருக்கு மேல். 700 பார் அழுத்தம் தாங்கும் வால்வு, ஃபிட்டிங், ரெகுலேட்டர், செல்களுக்கு நடுவே வைக்கும் தகடு எல்லாம் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வேலை பார்க்கத் தெரிந்த கைகள் கேட்கும் சாமான்கள். அந்தக் கைகள் எஸ்டேட்டில் இருக்கின்றன. அவர்களிடம் இல்லாதது உயர் அழுத்த ஹைட்ரஜன் சோதனைக்கருவி. அதைத் தனியாக வாங்க ஒரு சிறு பட்டறையால் ஆகாது. தையூர் மையம் வாரத்தில் ஒருநாளாவது சிறு பட்டறைகளின் சாமானைச் சோதித்துத் தரும் கூடமாகத் திறந்திருக்க வேண்டும் என்று தொழில் துறை நிபந்தனை போட்டு வாங்கலாம். கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போது கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்த பகுதியில் ஆவடி: 1965-இல் வெளிவந்த விஜயந்தா டாங்கி.

(தொடரும்)